பிரான்ஸில் இருக்கும் உறவினரைப் பார்க்கப் போகிறீர்களா? விசாவுக்கு முன் படிக்க வேண்டியவை

உம்ரா விசா எடுத்துப் பழகியவர்கள் நாம். பாஸ்போர்ட்டையும் இரண்டு புகைப்படங்களையும் டிராவல்ஸில் கொடுத்துவிட்டால் மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நமக்கு என்ன தொழில், வங்கியில் எவ்வளவு இருக்கிறது, ஊரில் யார் யார் இருக்கிறார்கள் என்று யாரும் துருவிக் கேட்பதில்லை. அதே நினைப்போடு ஐரோப்பிய விசாவுக்கு விண்ணப்பிக்கும் குடும்பங்கள், கட்டணத்தையும் இழந்து மறுப்புக் கடிதத்தையும் வாங்கிக்கொண்டு, என்ன தவறு நடந்தது என்றே தெரியாமல் நிற்கின்றன. பள்ளிவாசலில் என்னிடம் ஜமாஅத் கடிதம் கேட்டு வருபவர்களில் இப்படிப்பட்டவர்களும் உண்டு. அவர்களிடம் தனித்தனியாகச் சொல்வதை இங்கே ஒன்றாகச் சொல்கிறேன்.

பிரான்ஸை எடுத்துக்கொள்ளக் காரணம் இருக்கிறது. காரைக்காலும் புதுச்சேரியும் 1954 நவம்பர் 1 அன்று இந்திய நிர்வாகத்தின் கீழ் வந்தன. 1962 ஆகஸ்டில் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்களில் நம்மவர்களும் இருந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று பாரிஸிலும் அதன் புறநகர்களிலும் வாழ்கிறார்கள். ஊரில் இருக்கும் உம்மா, ராத்தா, மச்சான், மாமி என்று இங்கிருந்து போய்ப் பார்த்து வருவோர் வருடா வருடம் இருக்கிறார்கள். நிகாஹ், பிரசவம், மரணம் என்று அவசரமாகப் போக வேண்டியவர்களும் உண்டு.

முதலில் அடிப்படை. பிரான்ஸுக்கென்று தனியாகச் சுற்றுலா விசா கிடையாது. அவர்கள் தருவது ஷெங்கன் விசா. லக்சம்பர்க் நாட்டில் உள்ள ஷெங்கன் என்ற சிற்றூரில் 1985ல் கையெழுத்தான உடன்படிக்கையின் பெயர் இது. இன்று 29 நாடுகள் இதில் இருக்கின்றன. ஒரே விசாவில் பிரான்ஸ், ஜெர்மனி, ஸ்பெயின், இத்தாலி, சுவிட்சர்லாந்து எல்லாம் போய் வரலாம். இங்கிலாந்தும் அயர்லாந்தும் இதில் இல்லை. பாரிஸில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டு, பக்கத்தில்தானே என்று லண்டனில் இருக்கும் தங்கையையும் பார்த்து வரலாம் என்று திட்டமிடுபவர்கள், அதற்குத் தனி விசா வேண்டும் என்பதை முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும்.

எந்த நாட்டிடம் விண்ணப்பிப்பது என்பதிலும் விதி உண்டு. பயணத்தின் முக்கிய நோக்கம் எந்த நாடோ, அல்லது எங்கே அதிக நாட்கள் தங்குகிறீர்களோ, அந்த நாட்டிடம்தான் கேட்க வேண்டும். நாட்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டிடம். 'அந்த நாட்டில் சீக்கிரம் தேதி கிடைக்கிறது, அங்கே போட்டுவிடலாம்' என்று சில ஏஜெண்டுகள் சொல்வார்கள். மகன் பாரிஸில் இருக்க, ஒரு நாள் கூடத் தங்காத நாட்டிடம் விசா வாங்கினால் விண்ணப்பமே பொய்யாகிவிடுகிறது.

பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாட்களுக்கு முன்பாவது கொடுத்திருக்க வேண்டும். பொதுவாக 15 நாட்களில் முடிவு வரும். கூடுதல் விசாரணை தேவை என்று நினைத்தால் 45 நாட்கள் வரை எடுத்துக்கொள்ள அவர்களுக்கு உரிமை உண்டு. அந்த நாட்களில் பாஸ்போர்ட் அவர்களிடம் இருக்கும். இடையில் உம்ராவுக்கோ வளைகுடாவுக்கோ போகத் திட்டம் வைக்காதீர்கள். ஏப்ரல், மே விடுமுறைக்குப் போக நினைப்பவர்கள் ஜனவரியிலேயே வேலையைத் தொடங்குவது நல்லது. எல்லாக் குடும்பங்களும் அந்த நேரத்தில்தான் போகின்றன. தேதி கிடைப்பது சிரமம்.

விண்ணப்பத்தைப் பிரெஞ்சு அரசின் 'பிரான்ஸ் விசாஸ்' இணையதளத்தில் நிரப்ப வேண்டும். உங்கள் பதில்களைப் பார்த்து அந்தத் தளமே உங்களுக்குத் தேவையான ஆவணங்களின் பட்டியலைத் தரும். பக்கத்து வீட்டுக்காரர் போன வருடம் என்ன கொடுத்தார் என்று கேட்பதைவிட அந்தப் பட்டியலை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு விஎஃப்எஸ் குளோபல் மையத்தில் நேரம் வாங்கி நேரில் போக வேண்டும். அந்த நிறுவனம் காகிதங்களை வாங்கி அனுப்புகிறது, விரல் ரேகையும் புகைப்படமும் எடுக்கிறது, அவ்வளவுதான். விசா தருவதா மறுப்பதா என்பது தூதரகத்தின் முடிவு. 'மையத்தில் எனக்கு ஆள் இருக்கிறது' என்று சொல்லிப் பணம் கேட்பவரிடம் ஏமாறாதீர்கள்.

கட்டணம் 2024 ஜூன் 11 முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ. ஆறு வயது முடிந்து 12 வயது நிறையாத பிள்ளைகளுக்கு 45 யூரோ. ஆறு வயதுக்குக் கீழ் கட்டணமில்லை. கணவன், மனைவி, ஒன்பது வயது மகள், நான்கு வயது மகன் என்றால் 225 யூரோ. யூரோவை நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் 22,500 ரூபாய்; மையத்தின் சேவைக் கட்டணம் தனி. விசா மறுக்கப்பட்டால் இதில் ஒரு ரூபாயும் திரும்பி வராது.

உறவினர் வீட்டில் தங்குவதை மறைக்க வேண்டாம்

நம் குடும்பங்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். போவது அண்ணன் வீட்டுக்கு. ஆனால் விண்ணப்பத்தில் 'சுற்றுலா' என்று போட்டு, ரத்து செய்யக்கூடிய ஹோட்டல் முன்பதிவைக் காட்டி, விசா வந்ததும் அதை ரத்து செய்துவிடுவது. ஊரில் இதை ஒரு சாமர்த்தியமாகவே பேசுகிறார்கள். அதற்கு அவர்கள் சொல்லும் காரணம், உறவினர் இருப்பது தெரிந்தால் 'திரும்பி வரமாட்டான்' என்று சந்தேகப்பட்டு மறுத்துவிடுவார்களாம்.

விண்ணப்பப் படிவத்திலேயே பயணத்தின் நோக்கம் என்ற கேள்வியில் சுற்றுலா ஒன்றாகவும், குடும்பத்தினரையோ நண்பர்களையோ பார்த்தல் இன்னொன்றாகவும் இருக்கிறது. உறவினரைப் பார்ப்பது அவர்கள் அனுமதிக்கும் நோக்கம்தான். அதற்கென்று முறையான காகிதமும் வைத்திருக்கிறார்கள். பிரெஞ்சில் 'அத்தஸ்தாசியோன் தக்கேய்' என்பார்கள். விருந்தினரை என் வீட்டில் ஏற்றுக்கொள்கிறேன் என்ற சான்று. அங்கே இருக்கும் உறவினர் தன் ஊர் நகராட்சி அலுவலகத்தில் இதற்கு விண்ணப்பிக்க வேண்டும். புதுச்சேரிக் கடற்கரையில் 'மேரி' கட்டடம் என்கிறோமே, அங்கே நகராட்சிக்கு இன்றும் அந்தப் பெயர்தான். உறவினர் பிரெஞ்சுக் குடிமகனாக இருந்தாலும் சரி, முறையான தங்கும் உரிமையோடு இருப்பவராக இருந்தாலும் சரி, இதைப் பெறலாம். அடையாள அட்டை, வீட்டின் உரிமைப் பத்திரம் அல்லது வாடகை ஒப்பந்தம், முகவரிச் சான்று, வருமானச் சான்று ஆகியவற்றோடு 30 யூரோவுக்கு முத்திரை வில்லை வாங்க வேண்டும். வீடு போதுமானதா என்று நகராட்சி நேரில் வந்து பார்க்கவும் செய்யலாம். கையெழுத்திட்டதும் அதன் அசல் பிரதியை நமக்குத் தபாலில் அனுப்ப வேண்டும். விசாவுக்கும் அது வேண்டும். பாரிஸ் விமான நிலையத்தில் கேட்டால் காட்டவும் வேண்டும்.

அண்ணனுக்கு இது அலைச்சல்தான். ஆனால் இந்த ஒரு காகிதத்தால் பணக் கணக்கே மாறுகிறது. இந்தச் சான்றோடு வருபவரிடம் நாளொன்றுக்கு 32.50 யூரோ இருந்தால் போதும் என்பது பிரான்ஸின் விதி. ஹோட்டல் முன்பதிவோடு வருபவரிடம் 65 யூரோ எதிர்பார்க்கிறார்கள். இரண்டும் இல்லாதவரிடம் 120 யூரோ. மேலே சொன்ன நால்வர் குடும்பம் 20 நாட்கள் தங்குவதானால், சான்றோடு 2,600 யூரோ. ஹோட்டல் என்றால் 5,200 யூரோ. ஏறத்தாழ இரண்டு லட்சத்து அறுபதாயிரத்துக்கும் ஐந்து லட்சத்து இருபதாயிரத்துக்கும் உள்ள வித்தியாசம். பொய்யான ஹோட்டலைக் காட்டுபவர் தன் தலையில் தானே இரட்டைச் சுமையை ஏற்றிக்கொள்கிறார்.

விமான நிலையத்தில் எல்லைக் காவலர் 'எங்கே தங்கப்போகிறீர்கள்?' என்று கேட்பார். விசா கையில் இருந்தாலும் அந்தக் கேள்வியைக் கேட்க அவருக்கு அதிகாரம் உண்டு. பதில் பொருந்தவில்லை என்றால் திருப்பி அனுப்பவும் அதிகாரம் உண்டு. வாப்பா ஹோட்டல் பெயரைச் சொல்ல, பக்கத்தில் நிற்கும் பிள்ளை 'பெரியவாப்பா வீட்டுக்குப் போறோம்' என்று சொன்னால் என்ன ஆகும்? பிள்ளைகளைப் பொய் சொல்லப் பழக்கிக் கூட்டிப்போவதா என்ற கேள்வியும் இருக்கிறது. இதை ஆலிமாகச் சொல்கிறேன்: கையெழுத்திட்டுக் கொடுக்கும் விண்ணப்பம் ஒரு வாக்குமூலம். பொய்ச் சாட்சியம் பெரும் பாவங்களில் ஒன்று என்பது மதரஸாவில் முதல் வருடம் ஓதும் பிள்ளைக்கும் தெரியும். கேட்பவர் வேற்று நாட்டு அதிகாரி என்பதால் அது சிறிய பாவமாகிவிடாது.

கடன் வாங்கிக் காட்டும் பணம்

அடுத்தது வங்கிக் கணக்கு. விண்ணப்பத்துக்கு ஒரு வாரம் முன்பு மச்சானிடம் ஐந்து லட்சம் வாங்கிக் கணக்கில் போட்டு, விசா வந்ததும் திருப்பிக் கொடுப்பது பரவலாக நடக்கிறது. அதிகாரி பார்ப்பது கடைசி வரியில் உள்ள இருப்பை மட்டுமல்ல. மாதக் கணக்கில் பணம் எப்படி வந்தது, எப்படிப் போனது என்று பார்க்கிறார். மாதம் எட்டாயிரம், பத்தாயிரம் என்று புழங்கிய கணக்கில் திடீரென ஐந்து லட்சம் வந்து உட்கார்ந்தால் அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. உண்மையிலேயே நிலமோ நகையோ விற்ற பணம் என்றால் அந்தப் பத்திரத்தையோ ரசீதையோ சேர்த்து வைத்து, ஒரு சிறு கடிதத்தில் விளக்குங்கள்.

நம்மிடையே வேறொரு சிக்கல். வட்டிக்கு அஞ்சி வைப்பு நிதி வைக்காதவர்கள் இருக்கிறார்கள், நல்ல விஷயம். ஆனால் அதோடு வங்கியையே தவிர்த்து, கடை வருமானத்தை ரொக்கமாகவே புழங்கி, சேமிப்பை நகையாகவும் மனையாகவும் வைத்திருப்பவர்கள் விசா அதிகாரியின் கண்ணுக்கு ஏழைகள். அவருக்கு அலமாரி தெரியாது. வட்டியில்லாத நடப்புக் கணக்கு தொடங்கி, கடை வரவை அதில் செலுத்தி, வருமான வரி கணக்கை ஒழுங்காகத் தாக்கல் செய்து வந்தால் ஒரு வருடத்தில் காட்டத் தகுந்த வரலாறு உருவாகும். ஜிஎஸ்டி பதிவு, வணிக உரிமம், வீட்டு வரி ரசீது ஆகியவையும் இவர் ஊருக்குத் திரும்பி வரக் காரணம் உள்ளவர் என்று சொல்லும் காகிதங்கள்.

எங்களைப் போன்ற இமாம்கள், உஸ்தாதுகள் நிலை இன்னும் கஷ்டம். சம்பளம் குறைவு, அதுவும் பல ஊர்களில் உறையில் போட்டுத் தருகிறார்கள். ஜமாஅத் நிர்வாகிகள் சம்பளத்தை வங்கி வழியாகச் செலுத்தினால் இமாமுக்கு விசாவுக்கு மட்டுமல்ல, நாளை வீட்டுத் தேவைக்கும் உதவும். கடிதம் தரும்போது வக்ஃபு வாரியப் பதிவு எண்ணோடு, எத்தனை வருடமாகப் பணியில் இருக்கிறார், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை விடுப்பு என்று ஆங்கிலத்தில் எழுதித் தாருங்கள். 'இவர் நல்லவர், வல்லவர்' என்ற வரிகள் அங்கே யாருக்கும் பயன்படாது.

வயதான உம்மாவுக்கு வருமானம் எதுவும் இருக்காது. மகன்தான் செலவு செய்கிறார் என்றால் அதை அப்படியே எழுதலாம். மகனின் வருமானச் சான்றையும் உறவுமுறைச் சான்றையும் சேர்க்க வேண்டும். அவர் பெயரில் வீடு, ஓய்வூதியம், ஊரில் இருக்கும் மற்றப் பிள்ளைகள் என்று திரும்பி வருவதற்கான காரணங்களையும் காட்டுங்கள்.

பெயர்ச் சிக்கல்

முஹம்மது என்ற ஒரே பெயருக்கு நம் வீடுகளில் ஆங்கிலத்தில் நான்கு விதமான எழுத்துக்கள். பாஸ்போர்ட்டில் ஒன்று, ஆதாரில் ஒன்று, பான் அட்டையில் ஒன்று, வங்கிப் புத்தகத்தில் வெறும் முதலெழுத்து. பெண்களுக்குப் பாஸ்போர்ட்டில் பீவியோ பேகமோ இருக்கும், பள்ளிச் சான்றிதழில் இருக்காது. நமக்கு இது சாதாரணம். தந்தை பெயரை முதலெழுத்தாக வைக்கும் வழக்கம் அறியாத ஓர் அதிகாரிக்கு இவை இரண்டு வேறு ஆட்கள். விண்ணப்பத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே ஓர் எழுத்தும் மாறாமல் எழுதுங்கள். குடும்பப் பெயர்க் கட்டம் பாஸ்போர்ட்டில் காலியாக இருந்தால் மையத்தில் கேட்டு அவர்கள் சொல்லும் முறையில் நிரப்புங்கள். மற்ற ஆவணங்களில் பெரிய வேறுபாடு இருந்தால் திருத்திக்கொள்வதே நல்லது; நேரமில்லாதபோது நோட்டரி முன் எடுத்த உறுதிமொழிப் பத்திரம் ஓரளவு உதவும்.

நிகாஹ் சான்றும் அப்படித்தான். பள்ளிவாசல் தஃப்தரில் பதிந்ததோடு நம்மில் பலர் நிறுத்திவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லா மதத்தவரும் திருமணத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்வது கட்டாயம். அந்த அரசுச் சான்று இருந்தால் கணவன் மனைவி என்பதை நிரூபிக்க வேறெதுவும் தேடவேண்டாம். தமிழில் மட்டும் உள்ள சான்றுகளுக்கு ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ மொழிபெயர்ப்பு இணைக்க வேண்டும். பிள்ளைகளோடு பெற்றோரில் ஒருவர் மட்டும் போனால் மற்றவரின் ஒப்புதல் கடிதம் வேண்டும்.

கணவர் துபாயிலும் மனைவி மக்கள் காரைக்காலிலும் இருக்கிறார்களா? சட்டப்படி வசிக்கும் நாட்டில்தான் விண்ணப்பிக்க வேண்டும். கணவர் அங்கே, குடும்பம் இங்கே. இரண்டு விண்ணப்பங்களிலும் தேதியும் தங்கும் வீடும் ஒன்றாக இருக்கட்டும். ஒன்றில் மற்றொன்றைக் குறிப்பிடுங்கள். கணவரின் வளைகுடா இகாமா, ஐரோப்பாவிலிருந்து திரும்பிய பிறகும் குறைந்தது மூன்று மாதம் செல்லுபடியாகும்படி இருப்பது அவசியம்.

பாஸ்போர்ட் பத்து வருடத்துக்குள் வழங்கப்பட்டதாக, திரும்பும் தேதிக்குப் பின் மூன்று மாதம் செல்லத்தக்கதாக, இரண்டு வெற்றுப் பக்கங்களோடு இருக்க வேண்டும். மருத்துவக் காப்பீடு கட்டாயம்: குறைந்தது 30,000 யூரோ வரை, ஷெங்கன் நாடுகள் அனைத்துக்கும், தங்கும் நாட்கள் முழுவதற்கும். வழமையான காப்பீடு கூடுமா என்று கேட்கிறார்கள். சட்டம் நிர்ப்பந்திக்கும் இடத்தில் எடுப்பதில் குற்றமில்லை என்பது இக்கால அறிஞர்கள் பலரின் கருத்து. எழுபதைத் தாண்டிய பெரியவர்களுக்குப் பிரீமியம் கூடும். ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு எது கிடைக்கும், எது கிடைக்காது என்று படித்துவிட்டு எடுங்கள்.

12 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு விரல் ரேகை இல்லை. மற்றவர்களுக்கு ஒருமுறை எடுத்தால் 59 மாதங்களுக்குள் அதையே மறுபடியும் பயன்படுத்த முடியும். நிகாப் அணியும் சகோதரிகள் கவனத்துக்கு: பிரான்ஸில் பொது இடங்களில் முகத்தை மறைப்பது 2011 ஏப்ரல் முதல் சட்டப்படி தடை, 150 யூரோ வரை அபராதம். முகம் தெரியும்படி தலையை மறைக்கும் ஹிஜாபுக்கு வீதியில் தடையில்லை. போய் இறங்கிய பிறகு அதிர்ச்சி அடையாமல், போவதா வேண்டாமா என்பதையே இதைத் தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள்.

மறுத்துவிட்டால்

மறுப்புக் கடிதத்தில் காரணம் குறிக்கப்பட்டிருக்கும். பயண நோக்கம் தெளிவில்லை, பணம் போதாது, தந்த தகவல் நம்பும்படி இல்லை, திரும்பி வருவாரா என்பதில் ஐயம் என்று வகைகள் உண்டு. அதைப் படிக்காமலே அடுத்த வாரம் அதே காகிதங்களோடு மறுபடி பணம் கட்டுவது வீண். காரணத்தைச் சரிசெய்துவிட்டு எப்போது வேண்டுமானாலும் புதிதாக விண்ணப்பிக்கலாம். முடிவே தவறு என்று நினைத்தால் மேல்முறையீடு உண்டு. பிரான்ஸைப் பொறுத்தவரை, கடிதம் கிடைத்த 30 நாட்களுக்குள் நாந்த் நகரில் உள்ள விசாக்களுக்கான துணை இயக்குநருக்குப் பிரெஞ்சு மொழியில் எழுத வேண்டும். அங்கே இருக்கும் உறவினர் இதில் உதவலாம். போலி ஆவணம் என்று மறுக்கப்பட்டவரின் நிலை வேறு. அந்தப் பதிவு ஷெங்கன் நாடுகள் அனைத்தும் பார்க்கும் கணினியில் ஐந்து வருடம் வரை இருக்கும். அதன்பின் எந்த நாட்டிடம் போனாலும் அது முன்னால் வந்து நிற்கும்.

விசா வந்துவிட்டால் ஒட்டியிருக்கும் வில்லையை நிதானமாகப் படியுங்கள். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று இருக்கும். அதற்குக் கீழே எத்தனை நாட்கள் என்று தனியாக இருக்கும். தேதிகளுக்கு இடையே 35 நாட்கள் இருந்தாலும், நாட்கள் 20 என்று போட்டிருந்தால் 20 நாட்கள்தான் தங்கலாம். நுழைவு 'ஒன்று' என்றிருந்தால் லண்டன் போய்விட்டு மறுபடி பாரிஸுக்குள் வர முடியாது. பலமுறை நுழைவு விசா உள்ளவர்களும் எந்த 180 நாட்களிலும் மொத்தம் 90 நாட்களுக்கு மேல் இருக்கக்கூடாது. பேரப்பிள்ளையைப் பார்க்க மூன்று மாதம் இருந்துவிட்டு வந்த நன்னா, அடுத்த மாதமே மறுபடி கிளம்ப முடியாது என்பது இதனால்தான். வந்த நாளும் கிளம்பும் நாளும் கணக்கில் சேரும். 2025 அக்டோபர் 12 முதல் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதற்குப் பதிலாகக் கணினியில் பதியும் முறையைத் தொடங்கியிருக்கிறார்கள். நாள் கணக்கை இனி இயந்திரமே எண்ணும்.

ஒழுங்காகப் போய் வந்தவர்களுக்குச் சலுகையும் உண்டு. 2024 ஏப்ரலில் இந்தியாவில் வசிக்கும் இந்தியர்களுக்கென்று ஐரோப்பிய ஆணையம் கொண்டுவந்த விதிப்படி, மூன்று வருடங்களுக்குள் இரண்டு ஷெங்கன் விசாக்களைப் பெற்று முறையாகப் பயன்படுத்தியவர் இரண்டு வருடப் பலமுறை நுழைவு விசாவைப் பெறலாம். பாஸ்போர்ட்டில் காலம் இருந்தால் அதற்கடுத்தது ஐந்து வருடம். எனவே பழைய விசாக்கள் உள்ள பாஸ்போர்ட் காலாவதியாகிவிட்டது என்று அலமாரி அடியில் போடாமல் பத்திரமாக வைத்திருங்கள். அடுத்த விண்ணப்பத்தில் அதன் நகலையும் வைக்க வேண்டும்.